ஒடியாத போல்ட்

"புல்லுக்குத் தண்ணி ஊத்துறது சாமின்னா, அதை வெட்டுறது யாரு அங்கிள்?"

புனேயில், பாணேர் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மீனு ஒருமுறை ஜெபகுமாரிடம் இப்படிக் கேட்டாள். ஜெபகுமாரின் மனைவி எஸ்தர் அந்த வீட்டுக்குப் போய் மீனுவுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மனைவியை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பிள்ளை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றுவது யார் என்பதற்கு அவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லை. "நீ பெரியவளானதும் தெரியும் பாப்பா" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

இப்போது, நகரத்துக்கு வெளியே ரஞ்சன்காவில், ஆளுயரப் புல்லுக்கு முன்னால் நின்றபோது, பெரியவர்களுக்கும் அது தெரியாது என்று அவருக்குப் புரிந்தது.

அரிவாளோடு வந்த இரண்டு கூலியாட்கள் வயலுக்குள் கொஞ்ச தூரம் போனார்கள். ஒருவன் குனிந்து எதையோ குச்சியால் தூக்கிக் காட்டினான். பாம்புச் சட்டை. நீளமாக, முழுசாக, எங்கும் கிழியாமல் இருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டவர் பக்கத்தில்தான் எங்காவது இருப்பார் என்று மராத்தியில் சொல்லிவிட்டு, இருவரும் அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஜெபகுமார் லேத் ஓட்டும் கசார்வாடிப் பட்டறைக்கு வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இதே வயலில் சபையின் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடத்தில் ஊரையே ஒளித்து வைக்கலாம் போலப் புல் நின்றது.

அசனம் என்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை, நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று, எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே அடுப்பில் வெந்த சோற்றையும் கறிக்குழம்பையும் ஒன்றாகச் சாப்பிடுவது. அதில் முதலாளிக்கு ஒரு பந்தி, தொழிலாளிக்கு ஒரு பந்தி கிடையாது. எந்த மதத்துக்காரர் வந்து உட்கார்ந்தாலும் இலை உண்டு. பிழைப்புக்காகப் புனே வந்த குடும்பங்கள் துணிமணியோடு இந்த வழக்கத்தையும் பெட்டியில் மடித்து எடுத்துவந்திருந்தன.

போன வருஷம் நகரத்துக்குள் ஒரு கல்யாண ஹாலில் அசனம் நடந்தது. ரஞ்சன்காவ் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் தென்காசி, சங்கரன்கோவில் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து சேர்ந்தபோது பந்தியெல்லாம் முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் பொறுப்பு ஜெபகுமாருடையது. எஸ்தர் வீட்டுக்கென்று தூக்குவாளியில் எடுத்து வைத்திருந்ததை வாங்கினார். இன்னும் சில வீட்டு வாளிகளையும் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். எல்லாம் சேர்த்துப் போட்டும் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் வந்தது. அந்தப் பிள்ளைகள் அதையும் சிரித்த முகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவரை வருஷம் முழுக்க உறுத்தியது. கோபப்பட்டிருந்தால்கூட மறந்திருப்பார்.

இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தார். "பசியோட இருக்கவங்க பஸ் ஏறி நம்மகிட்ட வரணுமா? நாமதான் அவங்ககிட்ட போகணும்" என்றார். ஜெபாலயம் கட்டுவதற்கென்று சபை ரஞ்சன்காவில் வாங்கிப் போட்ட வயல் ஒன்று அடிக்கல் நாட்டியதோடு நின்றுபோய்க் கிடந்தது. தொழிற்சாலை வாசலில் இருந்து கூப்பிடு தூரம். அங்கேதான் அசனம், இடத்தைத் தயார் செய்வது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

சபைச் செயலாளர் சேவியர், எஸ்தரின் தம்பி. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நிபந்தனை மட்டும் போடுவார். சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் புல் இல்லாத தரையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அசனம் பழைய ஹாலில்தான் என்பது இந்தத் தடவை நிபந்தனை. ஹால்காரரிடம் அதுவரை பிடித்து வைக்கச் சொல்லியும் இருந்தார்.

கூலியாட்கள் போன சற்று நேரத்தில் சேவியர் போனில் வந்தார்.

"ஆளுங்க வந்துட்டாங்களா அத்தான்?"

"வந்தாங்க மாப்ள."

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

ஜெபகுமார் வயலைப் பார்த்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "வேல இன்னும் முழுசா மிச்சம் இருக்கு" என்றார்.

பக்கத்து வயல்காரர் தோண்டிபா வரப்பில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார். தனிக்கட்டை, வயதானவர். அவருக்கு ஒரு ஜோடிக் காளையும் இரண்டு எருமையும்தான் குடும்பம். இந்தப் புல்லில் எருமைகளை விட்டு மேய்த்துக்கொள்ளலாமே என்று ஜெபகுமார் தமக்குத் தெரிந்த மராத்தியில் உபசாரமாகச் சொன்னார். தோண்டிபா எழுந்துபோய் ஒரு எருமையை ஓட்டிவந்து நிறுத்தினார். அது மோந்து பார்த்தது. பிறகு ஜெபகுமாரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"ஹோயில், ஹோயில்" என்றார் தோண்டிபா. ஆகும், ஆகும் என்று அர்த்தம். அது ஆறுதலா கேலியா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஜெபகுமார் அடுத்த வழியை யோசித்தார். மழை விட்டுப் பல நாள் ஆயிற்று. நுனியெல்லாம் மஞ்சளடித்திருந்தது. ஓர் ஓரத்தில் நெருப்பு வைத்தால் மளமளவென்று போய்விடும் என்று தோன்றியது. வரப்பைச் சுற்றிலும் சுத்தம் செய்து, வாளியில் தண்ணீரும் வைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணி, ஒரு மூலையில் பற்றவைத்தார்.

நுனிதான் மஞ்சள். அடி பச்சை. நெருப்பு பிடிக்கவில்லை, புகை மட்டும் பிடித்தது. வெள்ளைவெளேரென்று எழுந்து, காற்றோடு சாய்ந்து, நேராகத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. எங்கோ சங்கு ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது.

நல்ல கடமையுணர்ச்சி உள்ளவர்கள். நெருப்பு இருந்த மூலையோடு விடாமல், இனி நெருப்பு வரக்கூடிய இடத்தையும் சேர்த்து, பாதி வயலுக்குத் தண்ணீர் அடித்தார்கள். ஜெபகுமார் கையெடுத்துக் கும்பிட்டுப் போதும் போதும் என்றார். அவர் நன்றி சொல்வதாக நினைத்து இன்னொரு சுற்று அடித்தார்கள். அவர்கள் போனபின் புல் குளித்துத் தலை சீவியதுபோல் நின்றது. தரை சேறாகியிருந்தது.

வீட்டுக்கு வந்தவரின் புகையேறிய முகத்தை எஸ்தர் பார்த்தாள். வெந்நீர் எடுத்து வைத்தாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"மீனு அப்பாட்ட ஒரு சின்ன டிராக்டர் இருக்குல்லா. கேட்டுப் பாத்தா என்ன?"

மீனுவின் அப்பா ஹரிபிரசாத் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. ரஞ்சன்காவுக்குப் போகிற வழியில் ஒரு துண்டு நிலம் வாங்கி மாங்கன்று நட்டிருந்தார். மாங்கன்றுக்குத் துணையாக ஒரு மினி டிராக்டரும், அதன் பின்னால் பூட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷரும் வாங்கியிருந்தார். வாங்கியதோடு சரி. அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. டிராக்டருக்கு வேலை கிடைக்கவில்லை.

எஸ்தர் போன் செய்து கேட்டதும் அவருக்குக் குரலே மாறிவிட்டது. டிராக்டரைத் தர மாட்டேன், நானே ஓட்டி வருகிறேன் என்றார். ஆபீசுக்கு அப்போதே லீவு சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெபகுமார் ஞாயிறுவரை பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வயலில் காத்திருந்தார். ஹரிபிரசாத் புதுத் தொப்பி, புதுக் கையுறை, முழங்கால்வரை புது பூட்ஸ் என்று வந்து இறங்கினார். கையில் டிராக்டரோடு வந்த விளக்கப் புத்தகம். முதல் வரியிலிருந்து படித்துப் படித்து ஸ்லாஷரை இறக்கினார்.

"பயப்படாதீங்ணா. எல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார். யார் பயப்படுகிறார்கள் என்பது தெரியவில்லை.

ஆனால் வண்டி கிளம்பியதும் ஜெபகுமாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முன்னால் ஆளுயரப் புல்; பின்னால் பாய் விரித்ததுபோல் தரை. ஒரு சால் போய்த் திரும்பி இரண்டாவது சால் வந்தார் ஹரிபிரசாத். தோண்டிபாகூட எழுந்து நின்று பார்த்தார். மூன்றாவது சாலில் டொக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடியது, பின்னால் கத்தி நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தார்கள். புல்லுக்குள் ஒரு கல். டிராக்டரிலிருந்து ஸ்லாஷருக்குப் போகும் ஷாஃப்டில் விரல் தடிமனில் ஒரு போல்ட் இரண்டாக ஒடிந்து கிடந்தது. வண்டியோடு கொடுத்த மாற்று போல்ட் ஒன்று இருந்தது. அதைப் போட்டார்கள். இன்னொரு சால் போனது. ஒரு கருவேல மரத்தின் அடிக்கட்டை வந்தது. அதுவும் ஒடிந்தது.

ஜெபகுமார் ஒடிந்த துண்டைக் கையில் வைத்து உருட்டினார். வாழ்நாளெல்லாம் இரும்போடு பழகியவர். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"இது என்ன சார் போல்ட்டு? பச்ச இரும்பு. பிஸ்கட்டு மாதிரி ஒடியுது."

ஹரிபிரசாத் புத்தகத்தைப் புரட்டினார். "அது ஒடியணும்னேதாங்ணா வெச்சிருக்காங்களாமா. கல்லுல அடிச்சா அது ஒடிஞ்சு, மத்ததையெல்லாம் காப்பாத்துமாமுங்க."

"ஒடியதுக்குன்னு ஒரு போல்ட்டா? எங்க பட்டறையில அப்படி ஒண்ணு செஞ்சேன்னா மொதலாளி என்னய ஒடிச்சிருவாரு."

"புத்தகத்துல போட்டிருக்குதுங்..."

"புத்தகம் எழுதினவரு லேத் ஓட்டிருக்காரா சார்?"

ஹரிபிரசாத் கோவைக்காரர், பெரியவர்களோடு மேற்கொண்டு வாதாட மாட்டார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெபகுமார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கசார்வாடிக்கு ஓடினார். லீவு போட்ட மனிதர் வந்து லேத்தின் முன் நின்றதைப் பார்த்துப் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே கெட்டியான உருக்குத் துண்டைத் தேடி எடுத்தார். கடைந்தார். காய்ச்சினார். எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றினார். சுத்தியலால் அடித்துப் பார்த்தார்; சுத்தியலில் வடு விழுந்தது. அப்போதுதான் முகத்தில் திருப்தி வந்தது. வெள்ளிக்கிழமை அத்தோடு முடிந்தது.

"இனி லோகம் ஒடிஞ்சாலும் இது ஒடியாது" என்று எஸ்தரிடம் காட்டினார்.

எஸ்தர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. உங்கள மாதிரியே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் புது போல்ட் ஏறியது. கல் வந்தது, கல் உடைந்தது. கட்டை வந்தது, கட்டை பிளந்தது. போல்ட் அசையவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹரிபிரசாத் கண்ணை மூடித் திறந்தார். ஜெபகுமார் வரப்பில் கூடவே நடந்து வந்து தலையை ஆட்டி ரசித்தார். மதியத்துக்குள் வயலில் பெரும்பகுதி சுத்தமாகிவிட்டது. நடுவில் மட்டும் ஒரு திட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஹரிபிரசாத்துக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. அவர் இறங்கிப் போய் மர நிழலில் பேச ஆரம்பித்தார்.

ஜெபகுமார் காத்திருந்தார். விளக்கு வைக்கும் நேரம் காத்திருக்காது. அவரே ஏறி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். புல் மடங்கி மடங்கி உள்ளே போனது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

பிறகு வந்த சத்தத்தைத் தொழிற்சாலைக்குள் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

போல்ட் ஒடியவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஷாஃப்ட் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டது. ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் இரண்டாகப் பிளந்து எண்ணெய் ஒழுகியது. வண்டி ஒரு குதி குதித்து, பக்கவாட்டில் நழுவி, தீயணைப்புக்காரர்கள் புண்ணியத்தில் இன்னும் காயாமல் கிடந்த சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

புல்லை விலக்கிப் பார்த்தார் ஜெபகுமார். கருங்கல். வழுவழுவென்று செதுக்கியது. ஜெபாலயத்தின் அடிக்கல். முன்னொரு காலத்தில் சபைகளுக்கெல்லாம் தலைவரான அத்தியட்சர் வந்து நாட்டியது. எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. கத்தி பட்டு அத்தியட்சருடைய பெயர் மட்டும் போயிருந்தது.

ஹரிபிரசாத் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பிளந்த கியர்பாக்ஸைப் பார்த்தார். ஜெபகுமாரின் முகத்தைப் பார்த்தார். கையில் விளக்கப் புத்தகம் இருந்தது. அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த உரிமை அவருக்கு முழுசாக இருந்தது. ஆண்டவர் சில மனிதர்களுக்கு வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும் வரத்தைக் கொடுத்திருக்கிறார்.

"உங்களுக்கு அடி ஏதும் படலைங்களே ணா?" என்று மட்டும் கேட்டார்.

ஜெபகுமாருக்கு அந்தக் கேள்வி கியர்பாக்ஸைவிடக் கனமாக இருந்தது. எப்பாடுபட்டாவது சரிசெய்து கொடுத்துவிடுகிறேன் சார் என்றார். முதலில் அசனம் ஆகட்டும் என்றார் ஹரிபிரசாத்.

தோண்டிபா காளைகளை ஓட்டிவந்து கயிறு கட்டி, டிராக்டரைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டார். "ஹோயில், ஹோயில்" என்றார். இந்தத் தடவை அது காளைகளிடம் சொன்னதாகவும் இருக்கலாம்.

எஸ்தருக்குச் செய்தி போயிற்று. சாயங்காலம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வீட்டில் அரிவாள் கிடையாது. அரிவாள்மணையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தோண்டிபாவிடம் ஓர் அரிவாளை இரவல் வாங்கி ஜெபகுமார் வெட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் சேலையைச் செருகிக்கொண்டு, புல்லுக்கு முன்னால் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, கீரை அரிவதுபோல் கத்தை கத்தையாக இழுத்து அரிய ஆரம்பித்தாள்.

தொழிற்சாலை ஷிப்ட் பஸ் அந்த வழியாகத்தான் போகும். அது வேகம் குறைந்தது. ஜன்னலில் வரிசையாக முகங்கள். போன வருஷம் கைப்பிடிச் சோறு தின்ற அதே முகங்கள். அவர்களில் பவுன் என்கிற சங்கரன்கோவில் பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, என்ன பண்ணுதீங்க?"

"நாளைக்கு அசனம்மா. உங்களுக்காகத்தான் இங்க வச்சிருக்கோம். எல்லாரும் வந்துரணும்."

பஸ்ஸுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்காகவா?" என்றாள் பவுன். பிறகு பஸ் போய்விட்டது. சந்தோஷத்தில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஜெபகுமார் எஸ்தரிடம் சொன்னார். அவருடைய அரிவாள் இன்னும் வேகமாக ஓடியது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாகச் சேவியர் வந்தார். நடுவில் நின்ற திட்டு, பக்கமெல்லாம் வழித்துவிட்டு உச்சியை மட்டும் விட்ட முடிவெட்டுப் போல இருந்தது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயர் போன அடிக்கல்லைப் பார்த்தார். ஹால்காரரைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தார்.

"இன்னும் ஒரு ராத்திரி இருக்கு மாப்ள" என்றார் ஜெபகுமார் நிமிராமல்.

"ராத்திரியில புல்லு வளரும் அத்தான். கொறையாது."

"அந்தப் பிள்ளைங்க போன வருசம் சிரிச்சிட்டுப் போச்சுங்கடே. அத நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

சேவியர் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுக்கும்வரை பார்வை அங்குமிங்கும் போயிற்று. அக்கா சேற்றில் அரிவாள்மணை மேல் உட்கார்ந்திருந்தாள். கூந்தலெல்லாம் புல். விரலில் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். தம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கத்தையை இழுத்தாள்.

ஹால்காரர் எடுத்தார். ஹால் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் சேவியர். போனை வைத்தபிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கத்தையைப் பிடித்து வெறுங்கையால் இழுத்தார். அது வரவில்லை.

இருட்டும்வரை மூன்று பேரும் வெட்டினார்கள். திட்டு சின்னதாகவே இல்லை. இனி ஹாலும் கிடையாது. சமையல்காரர் நாளைக் காலையில் அண்டாவோடு வருவார். வீட்டுக்குப் போய் முழங்கால்படியிட்ட ஜெபகுமார், ஆண்டவரே, புல் என்று மட்டும் சொன்னார். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அரிவாளோடு வயலுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தியவர், வேறு யாருடைய வயலுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

புல் இல்லை. நடுத்திட்டு இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. வெட்டிய புல் வரப்போரம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அடிக்கல்லைச் சுற்றிக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்து, கல்லையும் யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

ஓடிப்போய்த் தோண்டிபாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். தோண்டிபா கையை உருவிக்கொண்டார். நான் இல்லை என்றார். நாய் குரைத்தது, புல் திருட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன், ஆனால் அடுக்கி வைத்துவிட்டுப் போகிற திருடனை என் ஆயுசில் பார்த்ததில்லை என்றார்.

ஆராதனைக்காக வயலில் போட்ட பந்தலுக்குள் செய்தி பரவியது. போதகர் எழுதிக் கொண்டுவந்த பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேவதூதர்களைப் பற்றிப் பிரசங்கித்தார். தாம் இரவெல்லாம் ஜெபித்ததாகச் சேவியர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தேவதூதர்கள் என்ன அரிவாள் வைத்திருப்பார்கள் என்று ஹரிபிரசாத் யோசித்துக்கொண்டிருந்தார்.

முதல் பந்தியிலேயே தொழிற்சாலைப் பிள்ளைகளை உட்கார வைத்தார் ஜெபகுமார். அது அவருடைய உத்தரவு. சோற்று வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்கினார். முதல் பையனுக்கு மலை மாதிரி போட்டார். அவன் உள்ளங்கையை விரித்து உயர்த்தி, "போதும் மாமா" என்றான்.

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சில உடைந்து சிவந்திருந்தன.

ஜெபகுமார் வாளியோடு நின்றார். அடுத்தவன் கையை உயர்த்தினான். அதிலும். அடுத்து ஒரு பெண். இரண்டு விரல்களில் துணிச் சுற்று. வரிசை முழுக்க ஒவ்வொருவராகப் போதும் மாமா என்று கையைக் காட்டக் காட்ட, ஒவ்வொரு கையிலும் அதே கொப்புளங்கள். வாளியின் பிடி உறுத்திக்கொண்டிருந்த தம் கையில் இருந்தவையும் அதேதான். எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதை அவர் கேட்கவில்லை. பின்னால் கறி வாளியோடு வந்த எஸ்தரிடம், "அள்ளிப் போடு" என்று மட்டும் சொன்னார்.

பந்தி முடியும்போது அவருக்கு மனசு பொங்கி வழிந்தது. சேவியரிடமிருந்து மைக்கை வாங்கினார். இனி வருஷா வருஷம், நான் உயிரோடு இருக்கிறவரை, அசனம் இதே ரஞ்சன்காவில், இதே வயலில்தான் என்று அறிவித்தார். சபை கைதட்டியது. தொழிற்சாலைப் பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் கைதட்டல் கொஞ்சம் தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. கை வலிக்குமே என்று நினைத்துக்கொண்டார்.

கை கழுவுகிற இடத்தில் பவுன் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். மற்ற பிள்ளைகள் அதற்குள் சாலைப் பக்கம் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லு தாயி."

"நீங்களும் அத்தையும் சேத்துல கெடந்து வெட்டுனதப் பாத்ததும், சொல்லக் கூடாதுன்னுதான் பேசி வச்சிருந்தோம். நீங்க மைக்குல சொன்னதக் கேட்டதும் எல்லாருக்கும் பகீர்னு ஆயிட்டு." கொப்புளக் கையால் முந்தானையை முறுக்கினாள். "அசனம் டவுன்லன்னு சொன்னாத்தான் மாமா சூப்பர்வைசர் வருசத்துல ஒரு நாளு முழு லீவு விடுவாரு. இங்கயேன்னதும், தின்னுட்டு ரெண்டு மணி ஷிப்டுக்கு வந்துருங்கன்னுட்டாரு. அடுத்த வருசம் அந்த ஹால்லயே வச்சிருங்க மாமா. நாங்க துளசி பாக் கடத்தெருவுல வளையல், செருப்பெல்லாம் வாங்கிட்டு, நல்லா ஊரச் சுத்திப் பாத்துட்டு, அண்டா கழுவுற நேரத்துக்கு வந்துருதோம்."